மஞ்சள் 830 மீற்றர்: திரான்சிற்றரின் கோடலை அளக்க இது போதுமா?

காத்தான்குடியிலோ கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ முதன்முதலாக மீற்றர் வாங்கப் போகும் மாணவனின் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது 830 வகை டிஜிற்றல் மல்ற்றிமீற்றர்தான். மஞ்சள் அல்லது கறுப்பு உடல், நடுவில் வட்டமான சுழல் ஆளி, கீழே மூன்று துளைகள். பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சுற்று ஏறத்தாழ ஒன்றுதான். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்களும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்கு முதல் வருடம் போகிறவர்களும் இதைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்வி: திரான்சிற்றர் விரியலாக்கியின் (அம்ப்ளிஃபயரின்) கோடலை, அதாவது சமிக்ஞை வரும் முன்பே அதன் கால்களில் நிற்க வேண்டிய நேரோட்ட அழுத்தங்களை, கடைக்காரர் 'பயஸ்' என்று சொல்வதை, இந்த மீற்றரால் நம்பி அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் புரோப்பை எங்கே வைக்கக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த மீற்றரின் உண்மையான குறை அதன் துல்லியம் அல்ல. நேரோட்ட வோல்ற்று வீச்சுகளில் அதன் உள்ளீட்டுத் தடை ஒரு மெகாஓம் மட்டுமே. புரோப் தொட்ட கணத்தில் உங்கள் சுற்றில் ஒரு மெகாஓம் தடையி கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. சில இடங்களில் அது ஒன்றுமே செய்யாது. சில இடங்களில் சுற்றின் நிலையையே புரட்டிவிடும்.

முதலில் வாங்கும் இடம். பணம் கொடுக்கும் முன் கடை மேசையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். 200 ஓம் வீச்சில் இரண்டு புரோப் நுனிகளையும் அழுத்திச் சேர்த்தால் ஓர் ஓமுக்குள் நிலையான ஓர் எண் நிற்க வேண்டும். வயரைப் பிடியருகில் வளைக்கும்போது எண் குதித்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. மீற்றர் நல்லது, வயர் கெட்டது. வயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டாவதாக, 2000 மில்லிவோல்ற்று வீச்சில் ஒரு புதிய ஒன்றரை வோல்ற்றுக் கலத்தை அளந்து, கடையில் இருக்கும் நல்ல மீற்றர் ஒன்றோடு ஒப்பிடுங்கள். இந்த வகையின் விவரத்தாள் பொதுவாகச் சொல்லும் வழு அரை வீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும். ஆகவே பத்துப் பன்னிரண்டு மில்லிவோல்ற்று வித்தியாசம் குற்றமில்லை. மூன்றாவது, அதே வீச்சில் ஆளியை இலேசாக அசைத்துப் பாருங்கள். எண் ஆடினால் ஆளியின் தொடுகை சரியில்லை, வேறொன்று எடுங்கள்.

இனி அளக்கும் சுற்று. மீற்றரை மதிப்பிட ஏற்றது அழுத்தப் பிரிப்புக் கோடல். 12 வோல்ற்று மின்வழங்கல், திரான்சிற்றரின் அடிக்கு (பேஸ்) மேலே 47 கிலோஓம், கீழே 10 கிலோஓம், சேகரிப்பானில் (கலெக்ற்றர்) 3.3 கிலோஓம், காலியில் (எமிற்றர்) 1 கிலோஓம். திரான்சிற்றர் சி1815, சி828, பிசி547 எதுவானாலும் சரி. கொள்ளளவி (கப்பாசிற்றர்) எதுவும் இப்போது வேண்டாம்.

கையில் தாள் எடுத்து முதலில் கணியுங்கள். அடிக்கு வரும் அழுத்தம் 12ஐ 57ஆல் பிரித்துப் பத்தால் பெருக்க, 2.1 வோல்ற்று. அதிலிருந்து அடி–காலி வீழ்ச்சி 0.65ஐக் கழித்தால் காலியில் ஏறத்தாழ 1.45. இது அடியோட்டத்தை மறந்த கணிப்பு. நயம், அதாவது சேகரிப்பான் ஓட்டம் அடியோட்டத்தின் எத்தனை மடங்கு என்பது, 200 என்று எடுத்து அடியோட்டத்தையும் சேர்த்தால், அடி 2.05, காலி 1.40, சேகரிப்பான் 7.4 வோல்ற்று, சேகரிப்பான் ஓட்டம் 1.39 மில்லியம்பியர் என்று வரும். சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையில் 6 வோல்ற்று. சுமைக் கோட்டின் (இந்தத் தடையிகளோடு திரான்சிற்றரின் அழுத்தமும் ஓட்டமும் நகரக்கூடிய கோடு) ஒரு முனை 12 வோல்ற்று, மறுமுனை 2.79 மில்லியம்பியர் என்பதால் தொழிற்படு புள்ளி, அதாவது நமது 6 வோல்ற்றும் 1.39 மில்லியம்பியரும், கிட்டத்தட்ட நட்ட நடுவில் விழுகிறது. இந்த எண்களைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் மீற்றரைத் தொட வேண்டும். எதிர்பார்ப்பு இல்லாமல் எடுக்கும் வாசிப்பு வெறும் எண்தான்.

அளக்கும் ஒழுங்கு முக்கியம். தடையிகளைப் புரோஜெக்ட் போட்டில் (கால்களைத் துளைகளில் குத்தி இணைக்கும் பலகை) குத்தும் முன் தனித்தனியே அளந்து எழுதுங்கள். பொன்னிறப் பட்டை உள்ள 3.3 கிலோஓம் தடையி 3.135 முதல் 3.465 வரை எங்கேயும் இருக்கலாம். ஓட்டத்தைக் கணிக்க அந்தப் பெறுமானத்தால்தான் வகுக்கப் போகிறோம். நிறத்தைப் பார்த்து 3.3 என்று வகுத்தால் ஐந்து வீதம் வரை வழு அங்கேயே வந்துவிடும். பிறகு மின்வழங்கலை அளங்கள். பழைய, உள்ளே பாரமான மின்மாற்றி இருக்கும் அடப்ரர்கள் '12 வோல்ற்று' என்று எழுதியிருந்தாலும் இவ்வளவு சிறிய சுமையில் 15, 16 காட்டும். அப்படியானதைப் பயன்படுத்தினால் மேலே கணித்த எல்லாமே பிழைக்கும். நிலையான 12 வோல்ற்று தரும் 7812 சீராக்கி ஒன்றைப் பின்னால் போடுங்கள், அல்லது அளந்த அழுத்தத்தையே வைத்துத் திரும்பக் கணியுங்கள்.

கறுப்புப் புரோப்பை மறைப் பாதையில் வைத்துவிட்டு, சேகரிப்பானையும் அடியையும் 20 வோல்ற்று வீச்சில் அளங்கள். காலியை 2000 மில்லிவோல்ற்று வீச்சுக்கு இறக்கி அளங்கள்; 1.40 என்பதற்குப் பதில் 1398 என்று கிடைக்கும். அடி–காலி வீழ்ச்சிக்குக் கழித்தல் செய்ய வேண்டாம். இரண்டையும் 20 வோல்ற்று வீச்சில் எடுத்தால் 2.05க்கும் 1.40க்கும் தலா 0.03 வரை வழு இருக்கலாம், கழித்த விடையில் 0.06 வரை தவறலாம். 0.59க்கும் 0.71க்கும் இடையில் எதுவும் வரும் என்றால் அந்த விடையால் பயனில்லை. சிவப்பை அடியிலும் கறுப்பைக் காலியிலும் வைத்து 2000 மில்லிவோல்ற்று வீச்சில் நேரே எடுத்தால் 650 அளவில் நம்பத்தக்க எண் வரும்.

ஓட்டத்துக்கும் சுற்றை அறுக்க வேண்டியதில்லை. சேகரிப்பான் தடையியின் இரு முனைக்கும் குறுக்கே 4.6 வோல்ற்று அளவில் காட்டும். அதை முன்பு அளந்த தடையால் வகுத்தால் ஓட்டம். காலி அழுத்தத்தைக் காலித் தடையால் வகுத்தால் காலியோட்டம். இரண்டும் ஒரு வீதத்துக்குள் ஒத்துப்போனால் உங்கள் அளவீடு சரி. இரண்டையும் கழித்து அடியோட்டம் எடுக்கச் சிலர் முயல்வார்கள். அடியோட்டம் 7 மைக்ரோஅம்பியர்; 1.4 மில்லியம்பியரில் ஒரு வீத வழுவே 14 மைக்ரோஅம்பியர். வழுவை விடச் சிறியதைக் கழித்தலால் பிடிக்க முடியாது.

இந்தச் சுற்றில் மீற்றரின் ஒரு மெகாஓம் என்ன செய்கிறது? அடியில் இருந்து பார்த்தால் சுற்றின் தடை ஏறத்தாழ 8 கிலோஓம். அதற்குக் குறுக்கே ஒரு மெகாஓம் வந்தால் முக்கால் வீதம் குறையும், 2.05 என்பது 2.03 ஆகும். சேகரிப்பானில் 3.3 கிலோஓமுக்கு எதிரே அது கணக்கிலேயே வராது. ஆகவே இந்தக் கோடலுக்கு 830 தாராளமாகப் போதும். விலை கூடிய மீற்றர் வாங்கியும் வித்தியாசம் தெரியப் போவதில்லை.

நிலைக் கோடலுக்கு வாருங்கள். பாடநூலில் முதலாவதாக வருவதும் ஆய்வுகூடத்தில் பலர் முதலில் கட்டுவதும் அதுதான். காலி நேரே மறைப் பாதையில், சேகரிப்பானில் அதே 3.3 கிலோஓம், 12 வோல்ற்றில் இருந்து அடிக்கு 1.5 மெகாஓம். அடியோட்டம் 7.57 மைக்ரோஅம்பியர். நயம் 200 என்றால் சேகரிப்பான் ஓட்டம் 1.51 மில்லியம்பியர், சேகரிப்பான் 7.0 வோல்ற்று. தாளில் அழகாக இருக்கிறது.

இப்போது சிவப்புப் புரோப்பை அடியில் வையுங்கள். மீற்றர் 650 மில்லிவோல்ற்று காட்டும், அது சரியான எண்தான். ஆனால் மீற்றர் தனக்கென 0.65 மைக்ரோஅம்பியரை எடுத்துக்கொண்டது. அடிக்குப் போவது 6.9 ஆகக் குறைய, சேகரிப்பான் 7.0இல் இருந்து 7.4க்கு ஏறுகிறது. இரண்டாவது மீற்றர் ஒன்றைச் சேகரிப்பானில் வைத்திருந்தால் மட்டும் இது கண்ணில் படும். வாசிப்பு பிழைக்கவில்லை, வாசிக்கப்படும் சுற்று மாறிவிட்டது.

இன்னும் மோசமானது, அடியோட்டம் காண 1.5 மெகாஓம் தடையிக்குக் குறுக்கே புரோப் வைப்பது. மீற்றர் 11.35 காட்டும். 11.35ஐ 1.5 மெகாஓமால் வகுத்தால் 7.57 என்று கணிப்போடு துல்லியமாகப் பொருந்தும். மாணவன் மகிழ்ச்சியோடு எழுதிவிடுவான். ஆனால் அந்த வேளையில் அடிக்குப் போவது 18.9 மைக்ரோஅம்பியர்: 1.5 மெகாஓமும் மீற்றரின் ஒரு மெகாஓமும் சமாந்தரமாகி 0.6 மெகாஓம் ஆகிவிட்டது. திரான்சிற்றர் நிரம்பலுக்கு, அதாவது சேகரிப்பான் ஓட்டம் இனிக் கூட முடியாத நிலைக்கு, போய், சேகரிப்பான் 0.1 வோல்ற்றுக்கு விழுந்திருக்கும். இந்த இடத்தில் பத்து மெகாஓம் மீற்றரும் குற்றமற்றதல்ல. 9205 வகை மீற்றர் வைத்தாலும் அடியோட்டம் 15 வீதம் கூடி, சேகரிப்பான் 6.3 அளவுக்கு இறங்கும்.

சரியான வழி மலிவானது. 12 வோல்ற்றுப் பாதைக்கும் 1.5 மெகாஓமுக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம் தடையியைத் தொடராகச் செருகுங்கள். மொத்தத் தடையில் அது முக்கால் வீதமும் இல்லை. அதற்குக் குறுக்கே 200 மில்லிவோல்ற்று வீச்சில் 75 அளவில் எண் வரும்; பத்தால் வகுத்தால் மைக்ரோஅம்பியர். மீற்றரின் ஒரு மெகாஓம் 10 கிலோஓமுக்குப் பக்கத்தில் எந்தத் தொல்லையும் தராது. சுற்றைக் குழப்பாமல் அடியோட்டத்தை அளக்கும் இந்த ஒரு வசதிக்காகவே 830இன் 200 மில்லிவோல்ற்று வீச்சுப் பாராட்டுக்குரியது. 0.1 மில்லிவோல்ற்றுப் படி இதைப் போன்ற விலையில் வேறு கருவியில் கிடைப்பது அரிது.

நயம் அளக்கும் எச்எஃப்ஈ துளையைப் பலர் விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. அது ஏறத்தாழ 10 மைக்ரோஅம்பியர் அடியோட்டமும் 3 வோல்ற்று அளவிலான சேகரிப்பான்–காலி அழுத்தமும் கொடுத்து அளக்கிறது. நமது சுற்றும் அதே பருமனில்தான் ஓடுகிறது. எனவே சிறு சமிக்ஞைத் திரான்சிற்றர்களுக்கு அந்த எண் பயனுள்ளது. சி1815இல் ஜிஆர் எழுத்திட்டது 200 முதல் 400 வரை, வை எழுத்திட்டது 120 முதல் 240 வரை; பிசி547பி என்றால் 200 முதல் 450. கடையில் பத்து வாங்கிப் பத்தையும் துளையில் போட்டுப் பார்த்தால் இந்த விரிவு கண்முன்னே தெரியும். விரலால் பிடித்த சூட்டில் எண் ஏறிக்கொண்டே போகும்; விட்டு அரை நிமிடம் பொறுத்து வாசியுங்கள்.

அந்த விரிவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சுற்றையும் ஒப்பிடுவதுதான் இந்த மீற்றர் தரக்கூடிய சிறந்த பாடம். நயம் 100 என்றால் நிலைக் கோடலில் சேகரிப்பான் 9.5 வோல்ற்று. 400 என்றால் 2.0. 500க்குப் போனால் நிரம்பல். அழுத்தப் பிரிப்புக் கோடலில் நயம் 100இல் இருந்து 400க்குப் போயும் சேகரிப்பான் 7.6இல் இருந்து 7.3க்கு மட்டுமே நகரும். நூறு வரி விளக்கத்தை விட, மூன்று திரான்சிற்றரை மாற்றி மாற்றிக் குத்தி எடுத்த ஆறு வாசிப்புகள் மனதில் நிற்கும்.

கால் ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் சுற்று வேலை செய்யாமைக்கு இதுவே முதற் காரணம். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக சி1815, சி828 இரண்டும் காலி, சேகரிப்பான், அடி. பிசி547 சேகரிப்பான், அடி, காலி. 2என்3904 காலி, அடி, சேகரிப்பான். ஒன்றுக்கு மற்றதை அப்படியே குத்தினால் ஒருபோதும் சரிவராது. எச்எஃப்ஈ துளையில் காலியும் சேகரிப்பானும் மாறிப் போனால் ஐந்து, பத்து என்று மிகச் சிறிய எண் வரும். அதைக் கண்டால் திரான்சிற்றர் பழுது என்று எறியாமல் திருப்பிப் போடுங்கள். கால் தெரியாத திரான்சிற்றருக்கு இருவாயி (டயோட்) சோதனை வீச்சு உதவும். அடியில் இருந்து இரு பக்கமும் 600, 700 என்று வரும். இரண்டில் சற்றுக் கூடிய எண் வருவது காலிப் பக்கம்.

குறைகளுக்கு வருவோம். மில்லியம்பியர் வீச்சுகளும் வோல்ற்று வீச்சுகளும் ஒரே சிவப்புத் துளையைப் பகிர்கின்றன. இது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பொறி. ஆளி 2000 மைக்ரோஅம்பியரில் நிற்கும்போது மறந்து 12 வோல்ற்றை அளந்தால், உள்ளே இருக்கும் 100 ஓம் வழியே 120 மில்லியம்பியர் பாயும். 200 மில்லியம்பியர் உருகி அதற்கு உருகாது. தடையிதான் கருகும், அதன் பிறகு ஓட்ட வீச்சுகள் பொய் சொல்லும். 200 மில்லியம்பியர் வீச்சில் அதே தவறைச் செய்தால் உள்தடை ஓர் ஓம்தான். உருகி போய்விடும், மாற்றிப் போடலாம். 10 அம்பியர் துளைக்குப் பெரும்பாலும் உருகியே கிடையாது. கோடல் சுற்றுக்கு ஓட்ட வீச்சு தேவையே இல்லை என்பதால், அந்தப் பக்கம் ஆளியைத் திருப்பாமல் பழகுவது நல்லது. 1000 வோல்ற்று என்று முகப்பில் எழுதியிருந்தாலும் வீட்டு 230 வோல்ற்றுச் சுவர்த் துளைக்குள் இந்த மெல்லிய வயர்களைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆடலோட்ட வீச்சு இந்த வேலைக்குப் பயன்படாது. சிறிய வீச்சே 200 வோல்ற்று, படி 0.1. அதோடு நேரோட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவி பெரும்பாலான 830களில் இல்லை. சேகரிப்பானில் 7.4 வோல்ற்று நேரோட்டம் இருக்கும்போது ஆடலோட்ட வீச்சில் தொட்டால், புரோப்பின் திசையைப் பொறுத்துப் பூச்சியமோ இரு மடங்குக்கு மேலோ காட்டும். விரியலாக்கி சமிக்ஞையைப் பெருக்கும் நயத்தை அளக்க வேறு கருவி தேடுங்கள்.

மீற்றரின் 9 வோல்ற்றுப் பற்றரி இறங்கினால் வாசிப்பு குறையாது, கூடும். பற்றரி 7 வோல்ற்றுக்கு அண்மையில் வந்தால் உள்ளே உள்ள ஒப்பீட்டு அழுத்தம் சரிந்து, எல்லா வாசிப்பும் ஒரே விகிதத்தில் பெருகும். 12 வோல்ற்று 12.6 ஆகவும், 650 மில்லிவோல்ற்று 680 ஆகவும் வந்தால் சுற்றைச் சந்தேகிக்கும் முன் பற்றரியை மாற்றுங்கள். தானாக அணையும் வசதி இல்லை; ஓப் நிலைக்குத் திருப்ப மறந்தால் சில நாளில் பற்றரி போய்விடும்.

வாவியும் கடலும் சூழ்ந்த நமது பகுதியில் உப்புக் காற்று இன்னொரு பிரச்சினை. புரோஜெக்ட் போட்டின் உள் கவ்விகளும் மீற்றரின் ஆளித் தகடும் மாரி முடிந்து எடுக்கும்போது கறுத்துப்போயிருக்கும். ஆளியை நாலைந்து முறை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்தால் நெடுநாள் உழைக்கும். நீளமான 830 துளைப் போட்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்பாதை நடுவில் அறுந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். கச்சான் வீசும் நாளில் தகரக் கூரை அறையில் காலையும் மதியமும் அளந்தால் பத்துப் பாகை வித்தியாசம் எளிதில் வரும். அடி–காலி வீழ்ச்சி பாகைக்கு 2 மில்லிவோல்ற்று வீதம் குறைவதால், 650 என்பது 630 ஆகும். அது மீற்றரின் பிழையல்ல.

பழுது தேடும்போது இந்த மீற்றர் நல்ல துணை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அழுத்தப் பிரிப்புச் சுற்றில் அடி 3.6, காலி 2.9, சேகரிப்பான் 3.0 என்று வந்தால் கீழ் 10 கிலோஓம் தொடுகை இல்லை, திரான்சிற்றர் நிரம்பிவிட்டது. அடி 0.75க்கும் காலி 0.15க்கும் விழுந்தால் சேகரிப்பான் தடையி அறுந்திருக்கிறது. காலியோட்டம் முழுவதும் அடி வழியே வருகிறது. அடி 2.1, காலி பூச்சியம், சேகரிப்பான் 12 என்றால் அடி–காலிச் சந்தி திறந்துவிட்டது அல்லது அடிக்கால் துளையில் தொடவில்லை. எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் அடி 2 வோல்ற்றுக்கு நன்கு கீழே நின்றால் காலியும் சேகரிப்பானும் மாறியிருக்கலாம். உடனே மின்னை நிறுத்துங்கள், ஏனெனில் அடி–காலிச் சந்தி பின்முகமாகத் தாங்குவது சி1815இல் 5 வோல்ற்று, பிசி547இல் 6 வோல்ற்று மட்டுமே.

அந்த ஓர் இடம், காலித் தடையி அறுந்த சுற்று. அடி 2.1 காட்டும். காலியைத் தொட்டால் 1.6 காட்டும். சரியான 1.4க்கு அது கிட்ட இருப்பதால் காலிப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அங்கே தடையியே இல்லை. மீற்றரின் ஒரு மெகாஓம்தான் காலித் தடையியாக நின்று ஒன்றரை மைக்ரோஅம்பியரைக் கடத்துகிறது. சேகரிப்பானுக்குப் புரோப்பை மாற்றிப் பாருங்கள், 12 வோல்ற்று. காலியில் 1.6ம் சேகரிப்பானில் முழு மின்வழங்கலும் ஒன்றாக வந்தால், மின்னை நிறுத்தி, 1 கிலோஓம் தடையியின் காலைக் கழற்றி 2000 ஓம் வீச்சில் அளங்கள்.